ஒன்றை அழுத்தவும்

அன்று காலையில் நல்லுசாமி இரண்டு தடவை உயிரோடு இருப்பதாகச் சொல்லி முடித்துவிட்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது. மறுபடியும் போன் அடித்தது.

முதல் இரண்டிலும் பேசியது ஒரே குரல்: “வணக்கம். நீங்கள் நலமாக இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்.” இந்த மூன்றாவதில் வணக்கமும் இல்லை, எண்ணும் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் இரைச்சல். அப்புறம், “சாப்டாச்சா?”

“ஆச்சு, ஆச்சு!” என்று எரிந்து விழுந்து, எதற்கும் இருக்கட்டுமென்று ஒன்றையும் அழுத்தினார். “மெஷினுக்கு விசாரிப்பு வேற!”

எல்லாம் மகள் அனுசுயா பார்த்த வேலை. போன ஆடியில் மனைவி இருசம்மாள் கண்ணை மூடியதிலிருந்து ஸ்ரீரங்கத்து வீட்டில் அவர் தனியாள். தனியாகக் கிடக்கும் கிழங்களுக்குத் தினமும் போன் போட்டு, பதில் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லும் கம்பெனி ஒன்று தில்லைநகரில் இருந்தது. அதில் அப்பா பெயரைச் சேர்த்துவிட்டாள். பதில் தவறினால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கு, அவளுடைய ஒன்பதாவது மாடிக்கு. அந்த உயரமே அவருக்கு ஆகாது.

திருவெறும்பூர் தொழிற்சாலையில் காலமெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டியவர். மெஷினையும் நம்ப மாட்டார், மெஷின்காரனையும் நம்ப மாட்டார். கம்பெனிக்குப் போன் போட்டார்.

“தம்பி, ஒரு தடவ உசுரோட இருந்தாப் பத்தாதா? மூணு தடவ அடிக்குது!”

எடுத்தவன் புரோகிராம் எழுதும் பிரவீன்ராஜ். “அதுவா சார்... ஒரு சர்வர் படுத்தாலும் வேலை நிக்கக் கூடாதுன்னு ஒரே புரோகிராம வேற சர்வர்லயும் போட்டு வெச்சிருக்கோம். எல்லாத்துலயும் ஒரே அலாரம். ஆளாளுக்கு உங்களக் கூப்பிடுது. நாளைலேர்ந்து கொஞ்சம் இடைவெளி விட்டுக் கூப்பிட வைக்கிறேன்.”

மறுநாள் முதல் போனுக்கு ஒன்றை அழுத்திவிட்டு, வேலை முடிந்ததென்று குளிக்கப் போனார். அடுத்த போன் அடித்து ஓய்ந்தது. ஒரு சர்வர் கணக்கில் அவர் இருந்தார். இன்னொன்றின் கணக்கில் போய்விட்டார்.

ஆற அமரக் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வெளியே வந்தால், கதவுத் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு கம்பெனி அனுப்பிய ஆள் வீரமலை கூடத்தில் நிற்கிறான். பின்னால் பக்கத்து வீட்டு சந்திரம்மாள், கையில் ரோஜா மாலையோடு.

“எழுந்துட்டீங்களாய்யா?” என்றான் வீரமலை, கொஞ்சம் ஏமாந்த குரலில்.

“அதுக்குள்ள மாலையா?”

“வாங்கிட்டேனே அண்ணே,” என்றாள் சந்திரம்மாள். “கடக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்.”

வீணாக்குவானேன் என்று மாலையை இருசம்மாள் படத்துக்குப் போட்டார். போட்ட கை இறங்குமுன் போன் அடித்தது. திரையில் எண்ணே விழவில்லை.

“சாப்டாச்சா?”

“மனுசன் செத்துப் பொழச்சு நிக்கிறேன், சாப்பாடு ஒரு கேடா!”

சாயங்காலம் அனுசுயா போனில் அழுதாள். “இதுதான் கடைசிப்பா. இன்னொரு மெசேஜ் வந்துச்சுன்னா நேர்ல வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

பிரவீன்ராஜை ஒரு பிடி பிடித்தார்.

“பூட்டு போட்டுட்டேன் சார். எந்த சர்வர் முதல்ல சாவிய எடுக்குதோ அதுதான் கூப்பிடும். மத்தது வாயத் தொறக்காது.”

மறுநாள் வணக்கம் சொல்லும் குரல் வரவே இல்லை. “சாப்டாச்சா?” மட்டும் வந்தது. சாவி இதனிடம் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒன்றை அழுத்தினார். படத்தில் ரோஜா இன்னும் வாடாமல் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பெட்டியோடு அனுசுயா வந்து நின்றாள்.

“கெளம்புங்கப்பா.”

“காலைல பேசினேன்மா! ஒண்ண அழுத்தினேன்!”

“பொய் சொல்லாதீங்க. பதில் இல்லன்னு மெசேஜ் வந்திருக்கு.”

போன் அடித்தது. அவள் பிடுங்கிக் காதில் வைத்தாள். முகம் வெளுத்துப்போனது. அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இன்னும் இல்ல,” என்றாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அம்மாவிடம் சொல்வதுபோல.

அப்புறம் எழுந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். “நீங்க இங்கயே இருங்கப்பா. நான் போய் சோறு வைக்கிறேன்.”

நல்லுசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஜெயித்தாயிற்று. ஆயுளில் முதல் தடவையாக ஒரு மெஷினைப் பாராட்டத் தோன்றி, கம்பெனிக்குப் போன் போட்டார்.

“தம்பி, மத்தத என்ன வேணா பண்ணிக்க. அந்த மூணாவது சர்வர மட்டும் தொட்டுராத. அதுதான் மருவாதியா விசாரிக்குது.”

“மன்னிச்சிருங்க சார், சாவிய எடுத்த சர்வர் அப்படியே படுத்துருச்சு. இன்னிக்கு இங்கேர்ந்து யாருக்குமே போன் போகல, பதில் இல்லங்கிற மெசேஜ் மட்டும் எல்லார் வீட்டுக்கும் போயிருச்சு...” என்று கொட்டிக்கொண்டே வந்த பிரவீன்ராஜ் சட்டென்று நிறுத்தினான்.

“மூணாவதா? எங்ககிட்ட இருக்கிறதே ரெண்டுதானே சார்.”