பாலைவனத்தில் ஓர் அட்டை

எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டால், ஒருத்தியைக் கவிழ்க்க வேறு ஆளே வேண்டாம். நான் என்னை நானே கவிழ்த்துக்கொண்டது கோயம்புத்தூரில், ஒரு மாடிக் கட்டடத்தில், ஓர் அட்டையால். (ரத்தம் குடிக்குமே, அதே அட்டைதான்.)

அப்போது மெடிக்கல் கோடிங் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் எழுதிய ஃபைலைப் படித்து, அந்த நோய்க்குரிய எண்ணைத் தடிப் புத்தகத்தில் தேடிப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து போன எனக்கு, உலகத்தின் அத்தனை வியாதிக்கும் நம்பர் இருப்பதே அதிசயம். லீவுக்கு வந்தால் எதிர்ப்பட்டவர்களை மறித்து, "உங்க மூட்டுவலி எம் இருபத்தஞ்சுங்க" என்று அறிவித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். (சே, என்ன அலட்டல்!)

எங்களுக்குப் பாடம் எடுத்த மாலதி மேடம் தினமும் ஒன்றையே சொல்வார். "டாக்டர் எழுதாததைக் கோட் பண்ணாதீங்க. சொந்த மூளையை வாசல்ல செருப்போட கழட்டி வெச்சுட்டு உள்ள வாங்க." எல்லோரும் கழற்றி வைத்தார்கள், என்னைத் தவிர.

என் அம்மா கொழுந்து பறிப்பவள். மழைக்காலத்தில் இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கும் தலையில் கம்பளியுமாகத் தேயிலை நிரையில் நிற்பாள். சாயங்காலம் அவள் காலை நீட்டி உட்கார்ந்ததும், உப்பு வைத்து அட்டைகளை எடுப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. "அடுத்த மழைக்கு நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டாம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

கடைசியில் ஒரு பரீட்சை. தேறினால் பாடம் நடத்திய கம்பெனியிலேயே வேலை. பத்து ஃபைலில் ஒன்பதை மளமளவென்று முடித்துவிட்டேன். பத்தாவதில் ஒரு பெரியவர். தோட்டத்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். ஈரப்புல்லில் நடந்திருக்கிறார். வலியில்லை. சாக்ஸைக் கழற்றினால் ரத்தம், நிற்கவே இல்லை. "கணுக்காலில் சிறு காயம், காரணம் தெரியவில்லை" என்று டாக்டர் எழுதியிருந்தார்.

காரணம் தெரியவில்லையா? எங்கள் லயத்தில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லுமே! புத்தகத்தைப் புரட்டினேன். அட்டைக்கென்றே ஓர் எண் இருந்தது, பி 88.3. வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அத்தோடு விட்டேனா? சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்டு எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: "டாக்டர், கால் விரலிடுக்கைப் பார்த்தீர்களா? ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும்." (உப்பு வைக்கச் சொல்லியும் எழுதினேன். மறைப்பானேன்?)

மத்தியானம் கம்பெனி அதிகாரி கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்துத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போனேன். பக்கத்தில் மாலதி மேடம்.

"ஏம்மா, அட்டைன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"எழுதவே வேண்டாங்க சார். பாத்தாலே தெரியுதுங்களே."

"நோயாளி எந்த ஊரு?"

"அரிசோனாங்க."

"அது பாலைவனம்மா!"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "புல்லுக்குத் தண்ணி விட்டிருக்காருங்களே சார். ஈரம் கண்டா அது எப்படியும் வந்துருமுங்க."

மாலதி மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அடுத்த பக்கத்தைக் காட்டினார். பெரியவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். கோட் போட வேண்டியது அதற்குத்தான். அட்டையைக் கண்ட ஆனந்தத்தில் நான் பக்கத்தையே திருப்பவில்லை. ஃபெயில்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து காலை நீட்டியிருந்தாள். உப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா மறு காலை என் பக்கம் நகர்த்தினாள். "அது கெடக்கட்டும் புள்ள. அந்த மனுசனோட வெரலிடுக்கப் பாத்தாங்களா, இல்லையா?"

அழுகையோடு சிரிப்பும் வந்து எனக்குப் புரையேறிவிட்டது.

மறுபடி எழுதித் தேறினேன். ஆனால் அதற்குள் இன்னொரு மழைக்காலமும் அம்மா மலைக்குப் போக வேண்டியதாயிற்று. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அம்மா மலைக்குப் போவதில்லை. மழை பெய்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். நான் கம்ப்யூட்டரை மூடியதும் டீ டம்ளரோடு வருவாள்.

"இன்னைக்கு எத்தன பேரு?"

"நாப்பது பேரும்மா."

"வெரலிடுக்கப் பாத்தாங்களாமா?"

"டாக்டர் ஒண்ணும் எழுதலம்மா."

"எழுதாட்டி என்ன? இருக்கும்."