அறுபத்திமூணு டின் தண்ணி

"இந்த ஐப்பசி மழையில என் படகுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி எறங்கிச்சுன்னா, நான் அசன் முகைதீனே இல்ல!"

சோத்துத் தட்டுல ஓங்கித் தட்டி இப்படி ஒரு சபதம் போட்டேன். மீன் கொழம்பு என் பொஞ்சாதி நசீரா மேல தெறிச்சது. அவ முந்தானையில தொடைச்சுக்கினு, "அப்ப வேற பேரு பாத்து வெச்சுக்கோங்க"ன்னா.

சபதத்துக்குக் காரணம் பச்சையப்பன். எங்க பழவேற்காட்டுச் சூளையில சிப்பியச் சுட்டு, சுண்ணாம்பை மூட்டை கட்டி, பக்கிங்காம் கால்வாய் வழியா மெட்ராசுக்கு அனுப்பறவரு. ஏத்திக்கினு போறது என் படகு. சுட்ட சுண்ணாம்புல தண்ணி பட்டா இன்னா ஆவும்? மூட்டையோட கொதிக்கும். போன தடவை எண்ணூர் தாண்டறதுக்குள்ள நாலு மூட்டை பொகைய ஆரம்பிச்சிடுச்சு. கரையில நின்னவன்லாம், "பாய் படகுல விருந்து சமைக்கிறாருடா"ன்னு கைதட்டினான்.

பச்சையப்பன் கைதட்டல. "பாய், வர்ற திங்கக்கெழம காலைல நானே வந்து படகுக்கு உள்ள கைய வெச்சுப் பாப்பேன். ஈரம் தட்டிச்சுன்னா இனிமே என் லோடு லாரியில தான் போவும்"னு சொல்லிட்டாரு.

லோடு லாரிக்குப் போச்சுன்னா, படகு வெறகுக்குப் போவும். எங்க வாப்பா எனக்குன்னு வுட்டுட்டுப் போனது அது ஒண்ணு தான். எங்க ஊட்டு அடுப்பு அந்தப் படகால எரியுது. அந்தப் படகையே அடுப்புல வெச்சு எரிக்க முடியுமா?

தண்ணி எப்படி எறங்குதுன்னு ஊருக்கே தெரியும். படகு மேல்தளத்துல ரெண்டு வாய், முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. மூட்டை எறக்கறதுக்கு. தளத்தோட தளமா ஒரு பலகை மூடி. மழை பேஞ்சா மூடி ஓரத்து இடுக்கு வழியா எறங்கி, அடிப்பலகைக்குக் கீழ இருக்கிற பள்ளத்துல போய்த் தேங்கிடும். அந்தப் பள்ளத்தை நாங்க படகோட அடிவயிறும்போம்.

இப்ப உங்க கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். நசீரா காதுக்குப் போவக் கூடாது. அந்த ஒழுகல், எனக்கு ரொம்பப் புடிச்ச ஒழுகல்.

தூறல் போட்டா போதும். "நசீரா, தண்ணி எறைச்சிட்டு வந்துடறேன்"னு கெளம்பிடுவேன். எறைக்கறது அரை மணி நேரம். மீதி மூணு மணி நேரம் ராஜமாணிக்கம் டீக்கடையில கேரம் போர்டு. திரும்பறப்ப கைலியக் கால்வாய்ல ஒரு முக்கு முக்கிக்குவேன்.

"எத்தினி டின்னு எறைச்சீங்க?"

"அறுபத்திமூணு."

அறுபதுன்னா அளந்து வுட்ட மாதிரி இருக்கும். அறுபத்திமூணுன்னா எண்ணின மாதிரி இருக்கும். தொழில் நுணுக்கம்!

"அடுப்படியில ஓடு ஒடைஞ்சு ஒழுகுதே, அதையும் கொஞ்சம் பாருங்களேன்."

"மொதல்ல படகு, அப்புறம் ஊடு!"

இருந்தாலும் சபதம் போட்டாச்சே. அன்னிக்கு நசீரா பிரியாணிக்குத் தம் போட்டுக்கினு இருந்தா. அண்டா மூடியைச் சுத்தி மாவு பெசைஞ்சு ஒட்டறா. ஆவி கூட வெளிய வரல. எனக்கு மண்டையில விளக்கு எரிஞ்சது. ஆவியே வெளிய வராதப்ப தண்ணி எப்படி உள்ள போவும்? ஒரு படி கோதுமை மாவைத் தூக்கிக்கினு ஓடினேன். ரெண்டு மூடியைச் சுத்தியும் தடவி, அழுத்தி, வழிச்சு, வேலைய முடிச்சேன்.

மறுநாள் போய்ப் பாத்தா ஊரு காக்கா மொத்தமும் தளத்து மேல நாஷ்டா பண்ணிக்கினு இருக்குது.

நசீரா கேட்டா, "எங்க என் மாவு?"

"படகுக்குத் தம் போட்டேன்."

"அடுப்பு சூட்டுல தாங்க அந்த மாவு எறுகும். படகுக்குக் கீழ இன்னா, நெருப்பு மூட்டப் போறீங்களா?"

நல்லவேளையா தூறல் போட்டது. எறைக்கக் கெளம்பிட்டேன்.

அந்த வாரம் நாலு நாளு விடாம தூறல். நாலு நாளும் நான் விடாம எறைச்சேன், அதாவது ராஜமாணிக்கம் கடையில. படகுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. மூணாவது ஆட்டத்துல நானு, எப்படி எழுந்து போறது? மொத நாளு நசீரா அடுப்படியில ஒரு பிஸ்கட் டின்ன வெச்சுக்கினு, மூடி மேல செம்பு செம்பா தண்ணி ஊத்தறதும், தொறந்து உள்ள தடவிப் பாக்கறதுமா இருந்தா. டின்னு கழுவறான்னு நெனைச்சேன்.

"இன்னிக்கு எத்தினி?"

"அறுபத்திமூணு."

"பாவம், கை வலிக்குமே"ன்னு தைலம் தேச்சு வேற வுட்டா. எனக்கே கொஞ்சம் கூச்சமா தான் இருந்தது. ஆனா தைலம் நல்லா இருந்தது.

வெள்ளிக்கெழம புடிச்சது பாருங்க மழை. வெள்ளி, சனி, ஞாயிறு, கண்ணு தெரியாத மழை. டீக்கடைய மூடிட்டான், அதனால நானும் எறைக்கறதை மூடிட்டேன். போர்வைக்குள்ள படுத்துக்கினு ஒவ்வொரு இடிக்கும் படகை நெனைச்சு நடுங்கினேன். திங்கக்கெழம பச்சையப்பன் வருவாரு. உள்ள கைய வெக்கவே வேணாம், குளிச்சிட்டே போவலாம். நாலு நாளு கேரம் ஆடாம அந்த மூடியைப் பாத்திருந்தா இந்தப் பேஜாரு உண்டா? வாப்பாவோட படகை நானே முழுக வெச்சிட்டேனேன்னு தலையில அடிச்சுக்கினேன்.

திங்கக்கெழம காலைல மழை நின்னது. ஓடினேன். கரையோரம் நாலஞ்சு படகு மூக்கு மட்டும் தெரியற மாதிரி முழுகிக் கெடக்குது. என் படகு ஒய்யாரமா மெதந்துக்கினு இருக்குது!

கிட்ட போனா, அது என் படகு மாதிரியே இல்ல. ரெண்டு வாயைச் சுத்தியும் ஒரு சாண் ஒசரத்துக்குச் சட்டம் எழும்பி நிக்குது. மேல புதுசா மூடி, சட்டத்துக்கு வெளிய கவுந்து தொங்கற மாதிரி. பச்சையப்பன் எனக்கு முந்தியே வந்து, தளத்து மேல நிக்கிறாரு. தச்சு வேலை தேசப்பன் மூடியைத் தூக்கினான். பச்சையப்பன் உள்ள எறங்கி, அடிப்பலகையைப் பேத்து, அடிவயித்துல கைய வெச்சுத் தடவினாரு. வெளிய எடுத்தா, கையில ஈரம் இல்ல. பழைய சுண்ணாம்புத் தூசு!

"யோவ் பாய்! மூணு நாளு மழைக்குத் தூசு பறக்குதேய்யா! யாரு ஐடியா இது?"

தேசப்பன் என் காதுல சொன்னான்: "பாயம்மா ஐடியா தான். பிஸ்கட் டின்ன எடுத்தாந்து காட்டினாங்க. மூடி வாய்க்குள்ள பூந்து அடைக்கக் கூடாது, வெளிய கவுந்து நிக்கணும், ஊத்தற தண்ணி வெளியவே போயிடும்னாங்க. மூடிக்கு அடியில பழைய சைக்கிள் டியூப்ப வெச்சு அடிக்கச் சொன்னதும் அவங்க தான். வேலை முடியற வரிக்கும் படகைக் கரை ஏத்தி, என் கொட்டாய்ல தான் வெச்சிருந்தேன்."

"எத்தினி நாளு?"

"நாலு நாளு பாய். வியாழக்கெழம சாயங்காலம் தான் தண்ணியில எறக்கினேன். ஒரு தூறல் கூட மேல படல."

நாலு நாளு! கரை மேல, கூரைக்கு அடியில நின்ன படகுலருந்து தெனமும் அறுபத்திமூணு டின்னு தண்ணி எறைச்சிருக்கேன்!

பின்னால திரும்பிப் பாத்தேன். நசீரா. இடுப்புல அந்த பிஸ்கட் டின்னு. இப்ப தான் உத்துப் பாத்தேன். அது படகுல எறைக்கறதுக்கு நான் வெச்சிருந்த டின்னு! இத்தினி நாளா அது அடுப்படியில இருந்திருக்கு.

பச்சையப்பன் அவளையும் கேட்டாரு, "யாரும்மா ஐடியா?"

செத்தேண்டான்னு கண்ணை மூடிக்கினேன்.

"எல்லாம் அவரு ஐடியா தாங்க. நாலு நாளா ஊடு தங்கல. எறைச்சு எறைச்சுக் கையே போச்சு."

பச்சையப்பன் என் முதுகுல தட்டினாரு. "லோடு உனக்கு தான் பாய். இந்த வருசம் பூரா."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. படகைக் காப்பாத்தினதுக்குக் கூட இல்ல. நாலு பேரு முன்னால என்னைக் காப்பாத்தினாளே, அதுக்கு. யா அல்லா, எனக்குப் போய் இப்படி ஒருத்தியக் குடுத்தியேன்னு அங்கியே நின்னு மனசார சொன்னேன். ஊட்டுக்கு வர்ற வழியில அவ கிட்டயும் சொன்னேன்.

"நசீரா, உன் நல்ல மனசுக்கு நான் இன்னா செய்யப் போறேன்?"

"பாத்துக்கலாம்"னா.

புதன்கெழம மறுபடியும் மழை புடிச்சது. பழக்க தோசம், சட்டுன்னு எழுந்து கைலிய மடிச்சுக் கட்டினேன். "நசீரா, தண்ணி எறைச்சிட்டு..."ன்னு பாதியிலயே வாயை மூடிக்கினேன். எறைக்கத் தண்ணிக்கு எங்க போறது?

அவ பிஸ்கட் டின்ன எடுத்தாந்து என் கையில குடுத்து, அடுப்படியில ஒடைஞ்ச ஓட்டுக்கு நேர் கீழ என்னை ஒக்கார வெச்சா.

"டின்னு ரொம்பினதும் வெளிய ஊத்துங்க. எத்தினி டின்னுன்னு எண்ணி சொல்லுங்க."

எண்ணினேன். சத்தியமா அறுபத்திமூணு. அவ தான் நம்பல.