முனிராஜ் வீட்டு மாடியில் சம்பா மேளம்

வயிறு முழுக்கக் காற்று. யாராவது லேசாகத் தொட்டால் போதும், தெரு முழுக்கச் சத்தம். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

மேளம் என்றுதானே சொல்கிறீர்கள்? சரியான விடைதான். ஆனால் பாப்பாரப்பட்டியில் முனிராஜின் மனைவி நிர்மலாவைக் கேட்டால், "எங்க வூட்டுக்காரர்" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனிராஜுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சம்பா மேளக் குழு வைத்திருந்தார்கள். சம்பா என்பது பிரேசில் நாட்டுத் தாளம். பலவகை மேளங்களைப் பலர் ஒன்றாக அடிப்பது. பெங்களூரில் வேலை பார்த்தபோது அதைக் கற்றுவந்த சோஹைல்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டும் ஆகிவிட்டது.

பழகத்தான் இடமில்லை. சந்தைத் திடலில் அடித்தார்கள். ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஆட்டுக்காரர்கள் இவர்களைத் துரத்தினார்கள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் அடித்தார்கள். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்கள்.

"இந்த ஞாயித்துக்கிழமையும் எடம் கெடைக்கலன்னா கலைச்சிடலாம்ணா," என்றான் சோஹைல்.

"கலைக்கறதா? எங்க வூட்டு மாடி எதுக்கு இருக்குது?" என்று முனிராஜ் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். நிர்மலாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் மாடி ஏறிப் பார்த்தார். கால் வைக்க இடமில்லாமல் புளி. ஓடு உடைக்காத புளியம்பழம், குவியல் குவியலாக. புளிக்காலத்தில் அந்தத் தெருவில் எல்லா மாடியும் அப்படித்தான். வியாபாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவார். பெண்கள் கட்டையால் தட்டி ஓட்டை நீக்கித் தருவார்கள்.

"நிர்மலா! இத மொதல்ல எடு!"

"எங்கங்க எடுக்கறது? சாயங்காலம் வண்டி வருது. அதுக்குள்ள தட்டி முடிக்கணும்."

"ஆளுங்க வந்துட்டிருக்காங்க. நான் வாக்கு குடுத்துட்டேன்!"

"நானுந்தான் வியாபாரிக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"இது என் வூடு!"

"அப்படிங்களா? காலையில தண்ணி வரலன்னதும், 'உன் வூட்டு மோட்டார் ஓடல'ன்னு கத்தினது யாருங்க?"

முனிராஜின் காது மடல் சிவந்தது. எத்தனை நாள்தான் பொறுப்பது? குழம்பில் காரம் அவள் முடிவு. டி.வி.யில் சேனல் அவள் முடிவு. விசேஷத்துக்கு அவர் போட்டுப் போகும் சட்டைகூட அவள் முடிவு. மாடியுமா?

"இன்னைக்கு இந்த மாடியில தாளம் கேக்கலன்னா என் பேரு முனிராஜ் இல்ல!"

தெருமுனை டீக்கடை வரைக்கும் அது கேட்டது. நிர்மலாவோ சண்டைக்கே வரவில்லை.

"சரிங்க. மாடி உங்களுக்குத்தான்," என்றாள்.

முனிராஜுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. இவ்வளவு கோபத்தைக் கிளப்பிவிட்டு, கொட்ட இடம் தராமல் போகிறாளே!

மேளங்களோடு நண்பர்கள் வந்தார்கள். நிர்மலா சிரித்த முகமாக வரவேற்றாள்.

"தம்பி சோஹைலு, ஒண்ணே ஒண்ணு. பக்கத்து வூட்டு கோவிந்தம்மாக்காவுக்குப் பேரன் பொறந்திருக்கான். பச்சக்கொழந்த தூங்கற நேரம். கொஞ்ச நேரம் மேளம் மட்டும் வேணாமே."

"அதுக்கென்னக்கா! பெங்களூருல நாங்க மொதல்ல மேசையிலதான் தட்டிப் பழகுவோம்."

"எங்க வூட்ல மேசைக்கு எங்கப்பா போறது? புளிதான் இருக்குது."

ஆளுக்கொரு கட்டையும் முன்னால் ஒரு குவியலும் வைத்தாள். ஓங்கி அடித்தால் பழம் நசுங்கிவிடும். மெதுவாக அடித்தால் ஓடு உடையாது. "ஆகா, இப்படித்தான் கை பழகணும்!" என்று சோஹைல் துள்ளினான். தட் தட் தடதட் தட். வியர்வை ஒழுக ஒழுக முனிராஜ் தட்டினார். நிர்மலாவின் மேலிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துத் தட்டினார். அவர் முன்னால் இருந்த குவியல்தான் முதலில் தீர்ந்தது. நிர்மலா இன்னொரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள்.

கடைசி மூட்டையும் முடிந்தபோது, பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா முனிராஜு, மேளம் அடிக்கறேன்னு கத்தினியே. புளி தட்டிக்கிட்டிருக்க?"

"உங்க பேரன் தூங்கறானேன்னுதான்க்கா!"

"என் பேரனா? அவன் அவங்கம்மாவோட நல்லம்பள்ளியிலதான இருக்கான்!"

முனிராஜ் கட்டையை வீசி எறிந்தார். "நிர்மலா!"

"தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினீங்களே, கொழந்த இங்க இருக்கானான்னு அக்காவ ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள், போண்டாத் தட்டை நீட்டியபடி.

"ஏமாத்திட்டா! எல்லாரும் எந்திரிங்க! இனிமே பயிற்சி மாந்தோப்புலதான்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. வாய் நிறையப் போண்டாவோடு சோஹைல் சொன்னான்: "கோவப்படாதீங்கண்ணா. இன்னைக்குத்தான் எல்லார் கையும் ஒண்ணா விழுந்துச்சு. அடுத்த வாரமும் இங்கயே வெச்சுக்கலாம்."

"தாராளமா வாங்க. அடுத்த வாரமும் மூட்டை வருது," என்றாள் நிர்மலா.

முனிராஜ் மாடிப்படியில் நின்றிருந்த, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கனிஷ்காவைப் பார்த்தார். இவளாவது! தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். சம்பாக் குழுவில் விசில் ஊதுபவர்தான் தலைவர். இதுவரை அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை.

"வா கண்ணு, நாம ரெண்டு பேரும் மாந்தோப்புக்குப் போவோம். இனிமே நீதான் விசில் ஊதணும். அப்பாகூட வர்றியா, இல்ல அம்மாகூடவே இருக்கியா?"

கனிஷ்கா விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.