நான் சாப்பிடாத முட்டை

படிக்காதவர்கள் பொய் சொன்னால் அது பொய். படித்தவர்கள் சொன்னால் அதற்கு விளக்கம் என்று பெயர். நான் படித்தவள். ஆகவே ஒருமுறை மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவள் நான் ஒருத்திதான். அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே கனடாவுக்கு வந்து, குடிவரவுப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்காக. ஆகையால் தொண்ணூறுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், கொலிஜ் டிப்ளோமாவோடு நான் ரொறன்ரோவில் நடந்த நடையைச் சொல்லி முடியாது. பஸ்ஸில்கூட நிமிர்ந்துதான் நிற்பேன். (இருக்க இடம் கிடைக்காதது வேறு விடயம்.)

மில்லிக்கனில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பதிவு எழுதும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். கம்பியூட்டர், சுழல் கதிரை, கழுத்தில் பெயர் அட்டை. அந்தப் பெயர் அட்டைக்காகவே நான் உயிரை விடத் தயாராக இருந்தேன். நேர்முகத்தேர்வில் தேறியாயிற்று. ஒன்றுதான் மீதி: மருந்து களவு போகிற இடமென்பதால், வேலைக்கு வருகிறவர்களைப் பொய் கண்டுபிடிக்கும் மெசினில் இருத்திப் பார்ப்பார்களாம். அதற்குள் அம்மா எங்கள் கட்டடத்தின் பன்னிரண்டு மாடிக்கும் "பிள்ளைக்கு ஒஃபிஸ் வேலை" என்று அறிவித்துவிட்டார்.

சோதனை நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளி விரதம். மத்தியானம்வரை தண்ணீர் மட்டும்தான். வெளிக்கிடும்போது அம்மா வாசலில் சப்பாத்துகள் கழற்றி வைக்கும் இடத்தில் நின்று சொன்னார்:

"அங்கை ஆரும் சாப்பிட்டியோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லு பிள்ளை. பசியோடை வந்த ஆள் மாதிரி நிக்காதை."

இது புதுப் புத்திமதி அல்ல. யார் வீட்டுக்குப் போனாலும், வயிறு முதுகோடு ஒட்டியிருந்தாலும், சாப்பிட்டாயிற்று என்றுதான் சொல்லவேண்டும். இல்லையென்றால் சோறு கேட்டுப் போனதுபோல ஆகிவிடும். அப்படித்தான் வளர்ந்தேன்.

மெசின்காரர் மொட்டைத்தலையும் பெரிய மீசையுமாக இருந்தார். நெஞ்சைச் சுற்றி ஒரு குழாய், கையில் பிரஷர் பார்க்கும் பட்டி, விரல்களில் என்னவோ கவ்விகள். முதலில் சாதாரணக் கேள்விகள்தான், நீ உண்மை சொல்லும்போது ஊசி தாளில் எப்படிக் கோடு கீறுகிறதென்று பார்க்க, என்றார். உன் பெயர் இதுவா? ஆம். இன்று வெள்ளிக்கிழமையா? ஆம். காலையில் சாப்பிட்டாயா?

ஆம் என்றேன். ஊசி துள்ளியது. அதே நேரம் என் வயிறும் ஒரு சத்தம் போட்டது.

பிறகு களவெடுத்திருக்கிறாயா, மருந்து விற்றிருக்கிறாயா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஊசி நித்திரை கொண்டது.

திங்கட்கிழமை களஞ்சியத்தின் பெண் மனேஜர் ரெலிபோன் எடுத்தார். நான் தேறவில்லையாம். களவுக் கேள்விகளெல்லாம் சரி. காலைச் சாப்பாட்டில்தான் பிழை. தேவையில்லாத இடத்திலேயே பொய் சொல்கிறவள் தேவை வந்தால் என்ன சொல்லமாட்டாள் என்று மெசின்காரர் கேட்டாராம்.

புத்தியுள்ளவள் என்றால், "விரதம், மரியாதைக்குச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்று முடித்திருப்பாள். நானோ டிப்ளோமாக்காரி. ஒரு மெசின் என்னைப் பொய்க்காரி என்பதா? அகராதியைப் பக்கத்தில் வைத்து மூன்று பக்கத்தில் ஆட்சேபக் கடிதம் எழுதினேன். அன்று காலை இரண்டு துண்டுப் பாண், பட்டர், ஓர் அவித்த முட்டை சாப்பிட்டேன் என்று எழுதினேன். (வெறும் பாண் என்றால் ஆதாரம் போதாதுபோல இருந்தது.) கடைசி வரியில், முட்டையை அவித்த என் தாயார் இதற்குச் சாட்சி என்று முடித்தேன். அந்த வரி வந்த விதத்தை நினைத்து அன்றிரவு எனக்கே பெருமை.

சாட்சியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அம்மாவிடம் முட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. மெசின் என்னைப் பொய்க்காரி என்கிறது, வந்து நான் நல்ல பிள்ளை என்று சொல்லுங்கோ என்றேன், அவ்வளவுதான். அம்மா கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மனேஜர் என் கடிதத்தை ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தார். மெசின்காரர் கைகட்டி இருந்தார். மொழிபெயர்ப்பாளர் நான்.

"நான் நல்ல பிள்ளையோ எண்டு கேக்கினம் அம்மா."

ஆனால் அம்மாவிடம் கடைச் சாமான் வாங்கிச் சேர்த்த இருபது ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அதில் முட்டையும் ஒன்று.

"உதென்ன முட்டைக் கதை?"

"ஒண்டுமில்லை, சும்மா."

"வெள்ளிக்கிழமை முட்டையோ? என்ரை வீட்டிலையோ?"

அம்மா எழும்பினார். என்னைத் தாண்டி நேரே மனேஜரைப் பார்த்தார். "நோ எக். பிறைடே, மை ஹவுஸ், நோ எக்." பிறகு என்னைக் காட்டி, "ஷீ நோ ஈற். ஒன்லி வோட்டர்," என்று தன் வயிற்றை உள்ளிழுத்தும் காட்டினார்.

மெசின்காரரின் முகத்தில் தலைப்பிள்ளை பிறந்த சந்தோஷம்.

அப்படியானால் ஏன் சாப்பிட்டேன் என்றாய் என்று மனேஜர் கேட்டார். சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் ஓம் என்ற ஒரே ஒரு பதில்தான் உண்டு என்றேன். பெரிதாகச் சிரித்தார். சாப்பாட்டை மன்னித்துவிடுவேன், ஆனால் அந்த முட்டையை எழுதிய கையிடம் பதிவுப் புத்தகத்தைத் தரமுடியாது என்றார். பெயர் அட்டை போயிற்று. கண்ணில் நீர் முட்டியது. அதையும் நிமிர்ந்துதான் அடக்கினேன்.

பிறகு மனேஜர் என் அம்மாவின் பக்கம் திரும்பி, உங்களுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டார். பொதி கட்டும் பகுதிக்கு ஆள் தேவையாம். இந்த அறையில் மெசின் தேவைப்படாத ஆள் இவர் ஒருவர்தான் என்றும் சொன்னார். அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போக பஸ் ஏறினோம். பன்னிரண்டு மாடிக்கும் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வேலை கிடைச்சிட்டுது எண்டு சொல்லுறன். பொய்யே?"

சில காலம் கழித்து, வேறோர் அலுவலகத்தில் எனக்கும் ஒரு சுழல் கதிரை கிடைத்த பிறகு, தொழில் சட்டப் புத்தகம் ஒன்றில் ஒரு விடயம் கண்ணில் பட்டது. இந்த மாகாணத்தில் வேலைக்கு வருகிறவரை அந்த மெசினில் இருக்கச் சொல்லவே கூடாதாம். புத்தகத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, அவையள் செய்தது சட்டப்படி பிழை."

அம்மா கழுத்தில் பெயர் அட்டையோடு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். "அது கிடக்கட்டும். நீ ஏன் முட்டை எண்டு எழுதினனீ?"

அதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது "சாப்பிட்டிட்டன்" என்றால் அம்மா அவர்களின் மணிக்கட்டைப் பிடிப்பார். கண்ணை மூடி, ஊசி கீறுவதுபோல மற்றக் கையை மேலும் கீழும் ஆட்டுவார்.

"பொய். இரு, புட்டு வைக்கிறன்."

அந்த மெசின் இன்னும் ஒருமுறைகூடப் பிழை விட்டதில்லை.