அக்கா வீட்டுக்கு லோனில் போன ஆட்டக்காரர்

இனி இந்த வீட்டில் பாத்திரம் கழுவுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தபோது அவர் கையில் குக்கர் மூடி இருந்தது. அதைத் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் முடிவை அறிவித்தார்.

பதினோரு வருஷமாகச் சமையல் மனைவிக்கு, பாத்திரம் அவருக்கு. மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நாற்பது நர்ஸுகளுக்கு டியூட்டி போடுகிறவளுக்கு ஒரு புருஷன் எம்மாத்திரம்?

வேலை கூட அவருக்குப் பெரிசில்லை. மதிப்பில்லை என்பதுதான் குறை. மூணாவது மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா, "என் தம்பி கை பட்டா தங்கம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவர் வீடு இருக்கும் முதல் மாடியிலோ, கரண்டியின் பின்பக்கப் பிசுக்கைப் பற்றித்தான் பேச்சு.

டிவியில் கால்பந்து கிளப்புகள் ஆட்டக்காரர்களை விலை பேசிக் கைமாற்றிக்கொண்டிருந்த சமயம். "என்னை வேற கிளப்பு கூப்பிடுது" என்றார், மூணாவது மாடிப் பக்கம் கையைக் காட்டி.

யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஆளை விக்கிறதா? அதென்ன மாட்டுச் சந்தையா?"

மெக்கானிக்குக் குஷி பிறந்தது. ஆளை யாரும் விற்பதில்லை என்று விளக்கினார். இத்தனை வருஷம் என்று கிளப்போடு ஒப்பந்தம். அது முடியும் முன்னே ஆளைக் கேட்டால், பழைய கிளப்புக்கு ஈடு கொடுக்கணும். முடிந்துவிட்டால் ஈடே இல்லை, அவன்பாட்டுக்குக் கிளம்பலாம். ரெண்டு கிளப்பும் ஒத்துக்கொண்டாலும் ஆட்டக்காரன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அதற்கு முன் உடம்பைச் சோதிக்கிற மெடிக்கல் வேறு. எல்லாம் கெடுவுக்குள் முடியணும்.

"எனக்கும் பதினோரு வருஷம் முன்னாடி ஒரு டிரான்ஸ்பர் ஆச்சு. ஒப்பந்தத்தைப் படிக்கக்கூட யாரும் விடலை" என்றாள்.

மெக்கானிக் சட்டென்று லோனுக்குத் தாவினார். லோன் என்றால் ஒப்பந்தம் சொந்தக் கிளப்பிடமே இருக்கும், ஆள் மட்டும் போய் ஆடிவிட்டு வருவான்.

"நம்ம ஆளை எதுக்கு அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்?"

"சில பேருக்குத் தலைக்கனம் ஏறிடும். கஷ்டமான இடமாப் பாத்து ஒரு சீசன் அனுப்பிடுவாங்க. திரும்பி வந்தான்னா, காட்டின இடத்துல கையெழுத்துப் போடுவான்."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை மெக்கானிக் கவனித்திருக்க வேண்டும். அவர் டிவியைக் கவனித்தார்.

மறுநாள் அவளே மாடியேறிப் பேசி முடித்தாள். ரெண்டு வாரம் லோன். ஈடாக அந்த ரெண்டு வாரமும் அக்கா சமையல் முதல் மாடிக்கு இறங்கி வரும். நடுவில் திரும்பக் கூப்பிடும் உரிமை சொந்தக் கிளப்புக்கு மட்டும். தனக்கு இத்தனை கிராக்கியா என்று மெக்கானிக் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

அக்காவின் மெடிக்கலில் மூணே கேள்வி. கையைத் தலைக்கு மேலே எவ்வளவு நேரம் தூக்கி வைப்பே? ஏணியில் தலை சுத்துமா? தூசிக்குத் தும்முவியா? லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா இது? "ஒரு மணி நேரம் நிப்பேன்க்கா" என்று கையைத் தூக்கியே காட்டினார்.

பையோடு உள்ளே நுழைந்தால் கட்டில், பீரோ, டிவி எல்லாவற்றுக்கும் பழைய போர்வை போர்த்தியிருந்தது. நடுவீட்டில் ஏணி. நாலு அறைக்கும் சீலிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிக்கணும்.

அக்காவின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஏணிக்குக் கீழே நின்று, "என் தம்பி கை பட்டா தங்கம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாளியை நீட்டினாள். வேலை விட்டு வந்தால் ஏணி, லீவு நாளில் விடிந்தால் ஏணி. நாலாம் நாள் கழுத்து அண்ணாந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. அவரோடு லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாரும் என்ன ஆபத்தோ என்று மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆறாம் நாள் கீழே இறங்கினார். மனைவி ஸ்டூலில் காலை நீட்டி, அக்கா சமைத்ததைச் சாப்பிட்டபடி டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கோ."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசனை முடிந்தபோது நாலாவது சீலிங்கும் காய்ந்திருந்தது.

தன் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கண் கலங்கியது. என்ன அருமையான தொட்டி. இடுப்பு உயரத்தில். குனிந்து பார்க்கிற மாதிரி. யாரும் சொல்லாமலே எல்லாக் கரண்டிகளையும் பின்பக்கம் தேய்த்தார்.

"நீ கூப்பிடலேன்னா நான் அங்கேயே காஞ்சு போயிருப்பேன்மா. இந்த நன்றியை மறக்கவே மாட்டேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் படித்தார். இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் பாத்திரம். கூடவே துணி துவைப்பது. லீவு நாளில் சமையல்.

"இதையெல்லாம் எப்ப எழுதினே?"

"லோன்னா என்னன்னு சொல்லிக் குடுத்தீங்கல்ல, அன்னிக்கே எழுதிட்டேன். ரொம்ப நன்றிங்க."