கட்டைவிரலை நிறுத்திய தலைப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி, எங்கள் சௌக்கியத்தைப் பற்றிய பேச்சைச் சற்றுத் தள்ளிவைத்து ஆரம்பிக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கவும், எழுந்தால் உட்காரவும் தோன்றுகிறது; ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் மனைவி, எங்கள் வீட்டு டாக்டரம்மா, பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பல் கிளினிக் திறந்தாள் அல்லவா? கூட்டம் சேரவில்லை. இப்படியே போனால் பழையபடி அங்கேயே போய் நிற்க வேண்டியதுதான் என்று அவள் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் ‘மேற்படி’, ‘மேற்கண்ட’ என்று எழுதியே பிழைத்தவன் நான், கிளினிக்கின் இணையதளத்துக்கு நானே எழுதுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஆதிமனிதனின் தாடையில் தொடங்கி ஒரு கட்டுரை எழுதினேன். இணையதளம் செய்து தருவதே தொழிலாக இருக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப ஃபோனைக் கட்டைவிரலால தள்ளிக்கிட்டே போறவங்க. நீங்க பல்லுக்கு வர்றதுக்குள்ள பஸ் வந்துடும்” என்றாள். சுருக்கமாக எழுத வேண்டுமாம், தலைப்பு அந்தக் கட்டைவிரலைப் பிடித்து நிறுத்த வேண்டுமாம்.

நிறுத்தினேன், அக்கா. ‘எங்கள் டாக்டரிடம் பல்லைக் காட்டாதீர்கள்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். வலி முற்றும்வரை காத்திருந்து காட்டாதீர்கள், முன்கூட்டியே வாருங்கள் என்று அதன் கீழே விளக்கமாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் தலைப்பில் நின்ற விரல் கீழே இறங்கவேயில்லை. தலைப்பை மட்டும் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அந்த டாக்டர் அப்படி என்ன செய்தார் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் ஃபோன்கள் வந்தன. முன்பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கட்டுரையை எடுத்தோம், படத்தை எங்கே போய் எடுப்பது? நான் எழுதிய நீண்ட மன்னிப்பை மகள் பாதியிலேயே அழித்துவிட்டாள்.

டாக்டரம்மா கத்தவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நோயாளிகள் சாயும் நாற்காலியில் தானே சாய்ந்துகொண்டு, “நீங்க எழுதினதை நான் முழுசாப் படிச்சேன். ஊர்லயே நான் ஒருத்திதான் படிச்சிருக்கேன்” என்றாள். அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் நிலைகொள்ளாமல் வரவேற்பறையில் நடந்துகொண்டிருந்தேன். கன்னம் வீங்கி, துப்பட்டாவால் வாயைப் பொத்தியபடி ஒரு கல்லூரிப் பேராசிரியை மூச்சிரைக்க ஏறி வந்தார். எங்கள் தலைப்பைப் பார்க்கவில்லையா என்று நானே வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தேன். “உயிர் போற வலிங்க. தலைப்பெல்லாம் யாரு பாத்தா? எங்க இருக்கீங்க, எப்பத் திறப்பீங்கன்னு தேடினேன். அதை மட்டும் எங்கயும் போடல. தெருவையே சுத்திட்டு வர்றேன்” என்றார்.

அவர் உள்ளே போனதும் நின்றபடியே எழுதினேன்: ‘பல் வலியா? உடனே வாருங்கள். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. தபால் நிலையத்துக்கு எதிரே, முதல் மாடி. படி ஏற முடியாவிட்டால் கீழிருந்து கூப்பிடுங்கள், நாங்கள் இறங்கி வருகிறோம்.’ அவ்வளவுதான். மகள் ஒரு எழுத்தைக்கூட வெட்டவில்லை. இரண்டு வாரம் எட்டிப் பார்க்க ஆளில்லை. பிறகு ஒருவர், இருவர் என்று வந்து, இப்போது வரவேற்பறையில் எனக்கு உட்கார இடமில்லை. டாக்டரம்மாவும் என்னிடம் பேச ஆரம்பித்திருக்கிறாள், அதுவும் முழு வாக்கியங்களில்.

ஆகவே அக்கா, படிப்பவருக்கு எது வேண்டுமோ அதை முதலில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, நல்ல பற்களோடு நீடு வாழட்டும்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: உன் ஃபோன் கிடைக்காததால்தான் இந்த மின்னஞ்சல். நீ அனுப்பிய எக்ஸ்ரேயை டாக்டரம்மா பார்த்தாள். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் பிடித்திருக்கிறதாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வரச்சொல்லி உடனே எழுதச் சொன்னாள். வலி அதிகமாக இருந்தால் மேலே உள்ள எதையும் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்பி வா.