பின்னாலேயே ஓர் ஆம்புலன்ஸ்

குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் லிஃப்ட் மெக்கானிக். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மலைக்குளிர் வெள்ளையாக அப்பிக் கிடந்தது.

"உள்ள என்னங்க பண்றீங்க? தண்ணி வீணாப் போகுது!" கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல்.

"ம்ம்ம்."

"பல்லு தேய்க்கிறீங்களா?"

"ம்ம்."

எடுத்துப் பார்த்தார். நூற்றொன்று. நின்றுபோன லிஃப்டில் மறுபடி பொத்தானை அழுத்திப் பார்ப்பவர்போல, உதறிவிட்டு மறுபடியும் வைத்தார். இந்த முறை அது இன்னும் ஒரு மாடி ஏறியிருந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அரை மாரத்தான். இருபத்தொரு கிலோமீட்டர். மலை உச்சி வரை ஏறி, அந்தப் பக்கமாக ஊருக்குள் இறங்க வேண்டும். ஜனங்கள் படி ஏறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிழைப்பு நடத்துகிற மனிதர் அவர். சொந்தமாக அப்படி ஓர் எண்ணம் அவருக்கு எந்த ஜென்மத்திலும் வந்திருக்காது.

எண்ணம் மனைவியுடையது. போன வருஷம் இதே குளிர்காலத்தில் அவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தையே, "நான் எழுந்துட்டா ஒரு மலைய ஓடியே ஏறி இறங்கணுங்க. நீங்களும் கூட வரணும்" என்பதுதான். அந்த நிமிஷத்தில் பறக்கச் சொல்லியிருந்தாலும் மெக்கானிக் சரி என்றிருப்பார். மனைவி கண்ணைத் திறந்ததே போதும் என்றிருந்தது.

அதன்பிறகு மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தார். தெருமுனை வரை நடந்தார். பூங்காவைச் சுற்றி ஓடினார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிய மெக்கானிக்கின் தொப்பையும் ஓரளவு கரைந்தது. இப்போது போய்க் காய்ச்சல் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மனைவி ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வருஷமாக ஆசையாக வளர்த்த மலை அப்படியே போய்விடும்.

'ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்' என்று முடிவு செய்தார்.

மனைவி ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், விடுதி வரவேற்பறைக்கு இறங்கி ஓடினார். "தம்பி, காய்ச்சலுக்கு மாத்திரை ஏதாவது இருக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

வரவேற்பாளர் ஒரு அட்டையை எடுத்து நீட்டியபடியே, ஊருக்கே கேட்கிற மாதிரி, "சாருக்குக் காய்ச்சலா?" என்றார்.

படியில் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தார். பகலெல்லாம் நூலகத்தில் மற்றவர்களை வாய் மூட வைக்கிற வேலை அவருக்கு. அதனால் காது ரொம்பக் கூர்மை.

"யாருக்குக் காய்ச்சல்?"

"எனக்கில்லம்மா. நம்ம பக்கத்து ரூம்காரருக்கு. பாவம், ராத்திரியெல்லாம் முனகினார்."

"அய்யோ, தனியாவா இருக்கார்? குடுங்க இப்படி." மெக்கானிக் விரல்களை மடக்குவதற்குள் அட்டை கைமாறிவிட்டது. மனைவி விறுவிறுவென்று மாடி ஏறினார். மேலே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"எழுப்பிக் குடுத்துட்டேன். மனுஷன் திருதிருன்னு முழிக்கிறார். காய்ச்சலே இல்லைங்கறார். காய்ச்சல் வந்தா ஆம்பளைங்க யாரு ஒத்துக்குறீங்க? என் கண் முன்னாடியே ஒண்ணு முழுங்க வச்சுட்டுத்தான் வந்தேன். மிச்சத்தையும் அவர்கிட்டயே குடுத்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே" என்றார் மெக்கானிக். அதைச் சொல்லும்போதே தொண்டை கட்டிக்கொண்டு வந்தது.

பையில் மிச்சமிருந்தது தைலம் மட்டும்தான். ஓட்டம் தொடங்குகிற இடத்தில், கூட்டத்துக்குள் குனிந்து, கழுத்திலும் நெஞ்சிலும் அள்ளிப் பூசிக்கொண்டார்.

"என்னங்க வாசனை?"

"ஓடுறவங்க எல்லாரும் தடவுறதுதான். தசை இளகிக் குடுக்குமாம்."

"அப்ப எனக்கும் குடுங்க." வாங்கி இரண்டு முட்டியிலும் தேய்த்துக்கொண்டார். தேய்த்த கையோடு கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கினார். அவ்வளவுதான். அவருக்குக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, நெஞ்சில் அப்பிய நெடியில் இவருக்கும் கொட்டியது.

மேடையில் மைக்கோடு நின்ற அறிவிப்பாளர் இதைப் பார்த்துவிட்டார். கீழே இறங்கி ஓடிவந்தார்.

"இங்க பாருங்க! ஓட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள கண்ணீரோட நிக்கிறாங்க ஒரு தம்பதி! என்னம்மா விஷயம்?"

"போன வருஷம் ஆஸ்பத்திரியில கிடந்தேங்க. எழுந்து வந்துட்டேன்" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. துடைத்ததில் இன்னும் எரிந்தது.

கூட்டம் உருகிப்போய்க் கைதட்டியது. மைக் மெக்கானிக்கின் வாய்க்கு வந்தது. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!"

மெக்கானிக் வாயைத் திறந்தார். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"பேச்சே வரல பாருங்க!" என்று அறிவிப்பாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் இரண்டு பங்கானது. இதற்குமேல் பின்வாங்க முடியுமா? துப்பாக்கி வெடித்தது. ஓடினார்கள்.

முதல் வளைவிலேயே கூட்டம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது வளைவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒருவர் தாண்டினார். அதன்பிறகு தாண்டுவதற்கு யாரும் மிச்சமில்லை. மூச்சு வாயிலிருந்து புகையாகப் போயிற்று. மெக்கானிக்குக் குளிரில் பல் கிட்டித்தது. உள்ளே உடம்பு கொதித்தது.

மனைவி பேசிக்கொண்டே வந்தார். மரங்களைப் பற்றி, பாறையில் தொங்கிய பனிச்சொட்டைப் பற்றி, இந்தக் காற்று மூக்கில் ஏறுவதே எவ்வளவு சுகம் என்பதைப் பற்றி. மெக்கானிக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டதால், எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

"வாழ்க்கையில முதல் தடவையா நான் பேசுறத குறுக்கிடாம கேக்குறீங்க" என்றார் மனைவி சந்தோஷமாக. "ஊருக்குப் போனதும் சமையலறைக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாமா?"

தலையாட்டினார்.

"எங்க அண்ணன் லீவுக்கு வந்து ஒரு மாசம் தங்கட்டுமா?"

கழுத்து நிற்காமல் ஆடியது.

"அடுத்த வருஷம் முழு மாரத்தான்?"

இதற்கு மட்டும் தலையைக் குறுக்கே ஆட்ட முயன்றார். நடுக்கத்தில் அதுவும் மேலும் கீழுமாகத்தான் ஆடியது.

உச்சியைத் தொட்டபோது மூடுபனி இறங்கியது. பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோலப் பாதையை மூடியது. ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்துப் பார்த்து இறங்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் விழுந்தது. திரும்பினார்கள். ஓர் ஆம்புலன்ஸ், ஆள் நடந்து வருகிற வேகத்தில், அவர்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

மனைவியின் முகம் மாறியது. "நீங்கதானே சொல்லி வச்சீங்க?"

"என்னம்மா?" என்றார் மெக்கானிக் காற்றுக் குரலில்.

"ஆபரேஷன் ஆன உடம்பு, கூடவே வாங்கன்னு அவங்ககிட்ட ரகசியமா சொல்லி வச்சிருக்கீங்க."

"சத்தியமா இல்ல."

"பின்ன ஏன் குரல் உள்ள போகுது? பொய் சொன்னா உங்களுக்குக் குரல் இறங்கும். எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக்குக் கலக்கம் வேறு விதமாக இருந்தது. அந்த வண்டி தனக்காகத்தான் வருகிறது என்று அவர் நினைத்தார். வரவேற்பாளர் எங்கோ போன் பண்ணியிருக்க வேண்டும். வண்டிக்காரர் இறங்கி வந்து "சார், காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

"வேகமாப் போயிடலாம்" என்றார்.

"ஆமா. நான் நோயாளி இல்லன்னு காட்டுறேன்" என்றார் மனைவி.

இருவரும் வேகம் எடுத்தார்கள். ஆம்புலன்ஸும் வேகம் எடுத்தது. மூச்சு முட்டி மெதுவானார்கள். அதுவும் மெதுவானது. ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் நின்றார்கள். அதுவும் நின்று, பொறுமையாக உறுமிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஓரமாக ஒதுங்கி, 'நீங்க போங்க' என்று கையை வீசிக் காட்டினார். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை பதறிப்போய் வெளியே வந்தது. 'இல்ல இல்ல, நீங்க போங்க' என்று காட்டியது.

"பாத்தீங்களா! எவ்வளவு கரிசனம்!" என்று பல்லைக் கடித்தார் மனைவி.

வலப்பக்கம் ஒரு மரக்கடையின் வாசல் திறந்து கிடந்தது. மனைவி மெக்கானிக்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே நுழைந்தார். அடுக்கி வைத்திருந்த மரக்கட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தார்கள். ஆம்புலன்ஸும் தயங்காமல் மரக்கடைக்குள் நுழைந்தது. கட்டைகளைச் சுற்றி அவர்கள் ஓட, அதுவும் கட்டைகளைச் சுற்றியது. மறுபடி சாலைக்கு வந்தார்கள். அதுவும் முன்னும் பின்னுமாக நகர்ந்து, சிரமப்பட்டுத் திரும்பி, பின்னாலேயே வந்து சேர்ந்தது.

அதோடு மெக்கானிக்கின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். வண்டி நின்றது. கவலையோடு கேட்பதுபோல மெல்ல ஒரு ஹாரன் கொடுத்தது.

"இருங்க, நானே போய்க் கேக்குறேன். என்னைப் பாத்தா சாகக் கிடக்குற மாதிரியா இருக்கு?" என்று மனைவி கிளம்பினார்.

மெக்கானிக் எட்டி அவர் கையைப் பிடித்தார். "போகாத. அது உனக்காக வரலம்மா. எனக்காக."

மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அது சுட்டது. குனிந்து நெற்றியைத் தொட்டார். கழுத்தைத் தொட்டார்.

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"அப்ப அந்தப் பக்கத்து ரூம்காரர்?"

"அவர் நல்லாத்தான் இருந்தார்."

மனைவி அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு உதடு துடித்தது. பிறகு சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடவுளே! நல்லா இருந்த மனுஷனுக்கு மாத்திரை குடுத்து, வாயத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துட்டு வந்தேனே!"

மெக்கானிக்கும் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. போன வருஷம் தையல் வலிக்கும் என்று இருமக்கூடப் பயந்துகொண்டு கிடந்த மனைவி, இப்போது வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். அதைப் பார்க்கப் பார்க்க, இந்தக் காய்ச்சல்கூட வந்துவிட்டுப் போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"ஏன் சொல்லல?" என்றார் மனைவி, சிரிப்பு அடங்கியதும்.

"சொன்னா நீ ஓட மாட்டே."

மனைவி தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் தலையையும் காதையும் சேர்த்துக் கட்டினார். "நான் கிடந்தப்ப அந்த நாற்காலிலயே குந்திக்கிட்டு இருந்தீங்க. முதுகு வலிக்குதான்னு கேட்டா, இந்த நாற்காலி ரொம்ப சொகுசுன்னீங்க. அதுல கை வைக்கிற இடமே உடைஞ்சிருந்துச்சு. நான் பாத்தேன். அப்ப அதச் சொல்லத் தெம்பு இல்ல, இப்ப சொல்றேன். நீங்க இருந்ததாலதான் எழுந்தேன்."

மெக்கானிக் தலையாட்டினார். இந்தக் கண்ணீருக்கும் தைலத்துக்கும் சம்பந்தமில்லை.

"வண்டியில ஏறிக்கலாமா?"

"இன்னும் கொஞ்சம்தான். நடந்தே போயிடலாம்மா."

மனைவி திரும்பி வெளிச்சத்தைப் பார்த்தார். கோபம் இப்போது எங்கேயோ போயிருந்தது. "சரி, நடங்க. முடியலன்னா கையத் தூக்கினாப் போதும். பாருங்களேன், யாரோ ஒரு புண்ணியவான், நாம மரக்கடைக்குள்ள போனாக்கூட விடாம எவ்வளவு பொறுமையா வர்றார்! இறங்கினதும் மொதல்ல அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்."

கைகோத்து நடந்தார்கள். பின்னால் வெளிச்சம் வருகிறது என்ற தைரியத்தில் குளிர்கூடக் கொஞ்சம் குறைந்தாற்போல இருந்தது. கடைசி வளைவைத் தாண்டியதும் மூடுபனி விலகி, ஊரும், காற்றில் படபடக்கிற கொடிகளும் தெரிந்தன. மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் மட்டும் மைக் இல்லாமலேயே, "வந்துட்டாங்க! கண்ணீர்த் தம்பதி வந்துட்டாங்க!" என்று கத்தினார். மேஜை மடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் அப்படியே நின்று கைதட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள்.

ஒரு மருத்துவர் வந்து மெக்கானிக்கைப் போர்வையில் சுற்றி, வெந்நீரும் மாத்திரையும் கொடுத்தார். "சாதாரணக் காய்ச்சல்தான். ஆனா இதோட யாராவது ஓடுவாங்களா?" என்று திட்டினார். திட்டு முடிந்ததும் மனைவி மெக்கானிக்கை எழுப்பி, மெல்ல நடத்திக்கொண்டு ஆம்புலன்ஸ் பக்கம் போனார்.

வண்டியோட்டி அப்போதுதான் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றார் மனைவி. "எங்களுக்காக வேலை மெனக்கெட்டு, அவ்வளவு தூரம் பின்னாலேயே வந்தீங்க."

வண்டியோட்டி பாய்ந்து வந்து, மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, நான்தாங்க உங்களுக்கு நன்றி சொல்லணும்! இந்த மலைக்கே நான் புதுசு, மூடுபனியில ரோடு எது பள்ளம் எதுன்னே தெரியல. உங்க ரெண்டு பேர் முதுகையும் பாத்துப் பாத்துத்தான், உச்சியில ஓட முடியாம நின்னு, உள்ள படுத்திருக்கிற இத்தனை பேரையும் உயிரோட இறக்கிட்டு வந்தேன்!"